நாலு நாற்காலி: மிதந்த கிராம்பு

போன மாதம் தேவரா ஹோட்டலில், யாரும் கேட்காத கரிமீன் ஒன்று மேஜைக்கு வந்தது. அன்றிலிருந்து சங்கரி யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கரிமீன் நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வாழையிலையைப் பிரித்ததும் எழுந்த வாசனைக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலேயே சமையல்காரரும் வந்து, இன்னும் ஏதாவது எடுக்கட்டுமா என்று கைகட்டி நின்றார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

நசீபா, சங்கரி, கமலாக்ஷி, தன்யா நால்வரும் மட்டாஞ்சேரிக்காரர்கள். மாதம் ஒரு ஞாயிறு, வீட்டு அடுப்பை மறந்துவிட்டு, இதுவரை போகாத ஒரு ஹோட்டலுக்குப் போவார்கள். யாருடைய முறையோ அவள் இடத்தைத் தீர்மானிப்பாள். படகுத்துறையில் சேரும்வரை மற்றவர்களுக்குச் சொல்லமாட்டாள். ஹோட்டலில் யாரையும் வைத்துச் சொல்லி வைக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஆளாகப் போய், தெரியாத ஆளுக்கு என்ன கிடைக்குமோ அதைத்தான் சாப்பிட வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. ஒரு பிரியாணிச் செம்பை நினைத்துப் பாருங்கள். அடியில் இறைச்சியும் மசாலாவும், நடுவில் சோறு, மேலே நெய்யில் வறுத்த வெங்காயம். பரிமாறுகிறவர் கையில் இருப்பது ஒரு சின்னத் தட்டு. தெரிந்த முகம் என்றால் தட்டைச் செம்பின் ஓரமாகச் செங்குத்தாக இறக்குவார். அடுக்குகள் குலையாமல், நல்ல துண்டாகப் பார்த்து மேலே வரும். தெரியாத முகம் என்றால் சோற்றை மேலோட்டமாக வாரிப் போட்டு, அதன் தலையில் ஒரு கரண்டி மசாலாவை ஊற்றுவார். செம்பு ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். சாப்பாடு மட்டும் இரண்டு.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் கமலாக்ஷி. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். தெரிந்த ஆளுக்கும் தெரியாத ஆளுக்கும் உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர்.

கரிமீன் வந்த மாதம் சங்கரியின் முறை. சங்கரியின் கணவர் ஒச்சப்பன் எறணாகுளத்தில் பரோட்டா மாஸ்டர். கமலாக்ஷி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். "இது ஆரோ சொல்லி வெச்சது" என்று மேஜையிலேயே சொல்லிவிட்டார்.

"எம் புருசன் பரோட்டா வீசுறவரு சேச்சி. அடுத்த அடுப்புல என்ன கொதிக்குதுன்னே அவருக்குத் தெரியாது" என்றாள் சங்கரி.

யாரும் சிரிக்கவில்லை.

தேனிப் பக்கமிருந்து வந்து மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் காய்கறி விற்கிறாள் சங்கரி. இந்த ஊரில் அவளை வா, உட்கார் என்று கூப்பிடுகிறவர்கள் இந்த மூன்று பேர்தான். நசீபாவுக்கும் மனம்விட்டுச் சிரிக்க சங்கரியை விட்டால் ஆள் இல்லை. அந்தச் சங்கரி, இந்த மாதத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இன்றைக்கு நசீபாவின் முறை.

*

காலையில் தொட்ட காரியம் எதுவும் ஒரே தடவையில் முடியவில்லை.

மோட்டாரைப் போட்டால் தண்ணீர் ஏறவில்லை. குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் சும்மா சுற்றிச் சத்தம் போடும். மேலே உள்ள திருகைத் திறந்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றினால்தான் இழுக்கும். ஊற்றிவிட்டு ஈரக்கையோடு வந்தால் கணவர் ஷானவாஸ் சாயா கேட்டார். சாயாவைக் கொடுத்தால் பட்டன் போன சட்டையை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குங்க இந்தச் சட்டை?"

"நாளைக்கு வேணுமே."

"அப்போ நாளைக்குத் தைக்கிறேன்."

"நீதான் வெளிய போறியே. போறதுக்கு முன்னாடி..."

"மாசத்துல ஒரு நாள் போறேன். தினம் போற மாதிரி பேசாதீங்க."

ஷானவாஸ் சிரித்தார். அவருக்குப் பஜார் ரோட்டில் மலைச்சரக்குக் கடை. மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை. தெருக்காரர்களுக்குச் சில்லறையாகக் கொஞ்சம் போகும். மீதி எல்லாம் ஹோட்டல்களுக்கு. கொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் காலடி படாத சமையற்கட்டு அபூர்வம்.

"எங்கே இந்த மாசம்?"

"சொல்லக் கூடாது. சட்டம்."

"சரி சரி. சட்டம்னா சட்டம்."

அதே சிரிப்போடு குளிக்கப் போனார்.

நசீபா ஊசி தேடினாள். ஊசிப் பெட்டி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் ஷானவாஸின் போன் சார்ஜில் கிடந்தது. கை பட்டதும் திரை வெளிச்சமானது. அதில் ஒரு வரைபடம். அவர்களுடைய தெரு. தெருவில், அவர்களுடைய வீட்டின் மேல், ஒரு சின்ன வட்டத்துக்குள் நசீபாவின் முகம்.

"ஆஷிஃபா! இங்க வா."

மகள் ஆஷிஃபா இடப்பள்ளி மாலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதான் அங்கே கூட்டம் அதிகம். கிளம்பிக்கொண்டிருந்தவள் தலைப்பின்னோடு ஓடிவந்தாள்.

"இது என்னடி?"

"லொகேஷன் உம்மா. அன்னைக்கு மழையில பஸ் கிடைக்காம மாட்டிக்கிட்டீங்களே, அப்போ போட்டுத் தந்தேன்ல?"

"உனக்குத் தெரியணும்னுதானே போட்டே?"

"அத்தாவும் கேட்டாங்க. அவங்க போன்லயும் போட்டுக் கொடுத்தேன்."

விஷயம் எளிமையானதுதான். நசீபா கையில் இருக்கும் போன், தான் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளும். பார்க்க அனுமதி பெற்றவர்களின் வரைபடத்தில் அந்த இடத்தில் அவள் முகத்தை வைக்கும். அவள் நடந்தால் முகம் நடக்கும். அவள் ஹோட்டலில் உட்கார்ந்தால், முகமும் அந்த ஹோட்டலின் பெயர் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நசீபாவுக்கு மெதுவாக உறைத்தது.

"அப்போ தேவரா ஹோட்டல்ல..."

ஆஷிஃபா பின்னைத் தலையில் குத்துவதில் மும்முரமானாள். "அத்தாதான் போன் பண்ணினாங்க. நான் பக்கத்துல இருந்தேன். ‘என் வீட்டு ஆளு வந்திருக்கு. தினம் பதிவா போடுறதைப் போடாதே, வேற எடுத்து ஆக்கு’ன்னாங்க."

"போன மாசம் மட்டுமா?"

"எல்லா மாசமும்தான். மத்த ஹோட்டல்காரங்க எல்லாம் சத்தமில்லாம கவனிச்சிருக்காங்க. தேவராக்காரர்தான் மீனைத் தூக்கிக்கிட்டு வந்து காரியத்தைக் கெடுத்துட்டார்."

நசீபா ஊசியைப் பெட்டியிலேயே போட்டாள். இத்தனை மாதங்களில் ஒரு வேளைகூட அவர்கள் தெரியாத ஆளாகச் சாப்பிடவில்லை. நால்வரும் சேர்ந்து எவ்வளவு ஆராய்ச்சி செய்தார்கள்! இந்த ஹோட்டலில் நெய் நல்லது, அந்த ஹோட்டலில் மசாலா புதுசு என்று எவ்வளவு தீர்ப்பு! எல்லா மேஜையிலும் அவள் ஷானவாஸின் வீட்டு ஆளாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"பாசத்துல பண்றாங்கன்னு விட்டுட்டேன். எத்தனை பேரோட அத்தா இப்படிப் பண்றாங்க, சொல்லுங்க?"

"அந்தப் பாசத்துக்கு சங்கரி திட்டு வாங்கிட்டு நிக்கிறா."

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. இப்போது சண்டை பிடித்தால் படகு போய்விடும். நசீபா தன் போனை எடுத்து மகளின் பைக்குள் போட்டாள்.

"இதை இடப்பள்ளிக்குக் கொண்டு போ. யாரு கூப்பிட்டாலும் எடுக்காதே."

"உம்மா!"

"நான் இன்னைக்கு இடப்பள்ளியில சாப்பிடுறேன்."

*

போன் இல்லாமல் ஒருவருக்காகக் காத்திருப்பது எப்படி என்பதை நசீபா மறந்துபோயிருந்தாள்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில் கமலாக்ஷி இருந்தார். தோப்பும்படியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் தன்யா இருந்தாள். சங்கரியைக் காணவில்லை. ஒரு படகு வந்து நின்று, கிளம்பியும் போனது. தன்யா கூப்பிட்டுப் பார்த்தாள். சங்கரி போனை எடுக்கவில்லை.

"வராட்டி வர வேண்டா. நிர்பந்தம் ஒண்ணும் இல்லை" என்றார் கமலாக்ஷி.

"சேச்சி, நான் ஒரு விஷயம் சொல்லணும். போன மாசம்..."

"மதி, போதும்." கமலாக்ஷி கையை உயர்த்தினார். "ஊணு கழியட்டும். கை கழுகினப்புறம் வழக்கு. சட்டம் சட்டம்தன்னே."

இதுவும் அவர்கள் சட்டங்களில் ஒன்று. ஒரு தடவை, யார் வீட்டு மீன்குழம்பு ஒசத்தி என்ற சண்டையில் நால்வரும் தட்டைத் தொடாமல் கத்திக்கொண்டிருந்து, எல்லாம் ஆறிப்போனது. அன்றைக்கு முடிவு செய்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்வரை எந்த வழக்கையும் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவளே நசீபாதான்.

அடுத்த படகு வரும்போது சங்கரி வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பூ வைக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் வந்துட்டுப் போயிர்றேன்க்கா. உன் முறைங்கிறதால. இதோட சரி."

"முதல்ல ஏறு."

இந்தப் படகுத்துறையின் மேடை மிதவைகளின் மேல் நிற்கிறது. கடல் ஏறிக் காயலில் நீர் உயர்ந்தால் மேடையும் உயரும். நீர் வடிந்தால் தாழும். அதனால் மேடையும் படகின் வாசலும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். முழங்கால் வலிக்காரரான கமலாக்ஷிகூட யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடலாம். இன்றும் அப்படித்தான் ஏறினார். சங்கரி நீட்டிய கையைப் பார்க்காததுபோல ஏறினார்.

"எங்கேக்கா போறோம்?" என்றாள் தன்யா.

"ஆலுவா."

"அய்யோ, அவ்வளவு தூரமா?"

"அவ்வளவு தூரம்தான்."

வேண்டுமென்றேதான் தூரமாகப் பார்த்திருந்தாள். ஹைகோர்ட் துறையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மெட்ரோ ரயில் ஏறினார்கள். நால்வருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தும் சங்கரி தள்ளிப்போய்க் கதவோரம் நின்றாள். இடப்பள்ளி ஸ்டேஷன் வந்தபோது நசீபா வெளியே எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் இங்கேதான் எங்கோ ஒரு துணிக்கடை மேஜையின் இழுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்ததும், காலையிலிருந்து முதல் தடவையாக, அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கை கழுவினதும் சொல்லிவிட வேண்டும். என் புருஷன் ஒரு பாசக்காரக் கிறுக்கன், அவர்தான் போன் பண்ணினார், சங்கரி பாவம். அவ்வளவுதானே. கமலாக்ஷி கொஞ்சம் கத்துவார். தன்யா கிண்டல் செய்வாள். சங்கரி மறுபடி பூ வைத்துக்கொள்வாள்.

*

ஹோட்டல் பெரியாற்றங்கரையில், மாடியில் இருந்தது. ஆற்றைப் பார்த்த மேஜைகள் காலியாக இருந்தும், அவர்களைக் கொண்டுபோய்க் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கை உதறிப் போகிறவர்களின் நீர்த்துளி கமலாக்ஷியின் கண்ணாடியில் தெறித்தது.

"அந்த ஜன்னல் மேஜை?" என்று தன்யா கேட்டாள்.

"ரிசர்வ்" என்றுவிட்டுப் பரிமாறுகிறவர் போய்விட்டார்.

"பார்த்தீங்களா? ஆளறியாம வந்தா இதுதான் மரியாதை" என்றாள் தன்யா.

"அதுதான் வேணும். இப்பத்தான் நிஜம் தெரியும்" என்றாள் நசீபா. ஆனால் தண்ணீர் வரவே நேரமானது. வந்த தண்ணீரும் ஆறிப்போன சீரகத் தண்ணீர். பக்கத்து மேஜையில், இவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் சாப்பிட்டுப் போனார்கள். பசியில் தன்யா ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பிரியாணி வந்தது. மேலோட்டமாக வாரிய சோறு, தலையில் ஒரு கரண்டி மசாலா.

நசீபா ஒரு வாய் வைத்தாள். நாக்கு எரிந்தது. மூக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மலைச்சரக்கின் வாசனை எல்லாம் அதற்குள் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. சூடு பட்டதும் எண்ணெய் கசிந்து நெய்யில் கலக்கும். நெய் அதைச் சோறு முழுக்கக் கொண்டுபோகும். சரக்கில் எண்ணெய் இல்லை என்றால், கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடி போட்டாலும் வாசனை வராது. சமையல்காரர் என்ன செய்வார்? மிளகாய்த்தூளைக் கூட்டுவார், கலரைக் கூட்டுவார். தட்டு சிவப்பாக இருக்கும், வாய் எரியும். சாப்பிட்டு எழுந்தால் என்ன சாப்பிட்டோம் என்றே நினைவிருக்காது.

"நன்னாயிட்டுண்டு" என்றார் கமலாக்ஷி, மூக்கை உறிஞ்சியபடி. "சொல்லி வெச்சா கரிமீன். சொல்லி வெக்காட்டி இது."

சங்கரி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"சேச்சி, கை கழுவலை இன்னும்" என்றாள் நசீபா.

அந்த நேரம் பார்த்து தன்யாவின் போன் அடித்தது. எடுத்தவள் நசீபாவிடம் நீட்டினாள். "ஆஷிஃபா."

நசீபா இடது கையால் வாங்கிக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போனாள்.

"உம்மா, அத்தா இங்க இருக்கிற ஹோட்டல்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டாங்க. ஒருத்தர், யாரோ நாலு டீச்சர்மாரைப் பார்த்து நீங்கதான்னு நினைச்சு, சும்மா புட்டிங் கொடுத்துட்டாராம். அவங்க சந்தோஷமா சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. இப்போ என்னை மால் முழுக்கத் தேடச் சொல்றாங்க. பாவமா இருக்கு உம்மா. குரலே சரியில்லை."

"தேடிப் பார்த்தேன், காணோம்னு சொல்லு."

"பொய்யா?"

"நிஜம்தானேடி? நான் அங்கே இல்லையே."

போனை வைத்ததும் நசீபாவுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு பாசமாக ஒரு மனுஷன். திரும்பி வந்தபோது கமலாக்ஷியும் தன்யாவும் கை கழுவப் போயிருந்தார்கள். சங்கரி மட்டும் வரிசை குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மேஜையில் பில்லோடு ஒரு தட்டு வந்திருந்தது. பெருஞ்சீரகம், கற்கண்டு, கொஞ்சம் கிராம்பு.

நசீபா கையைத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நல்ல கிராம்பு என்றால் நகத்தில் பிசுபிசுப்பு ஏறும். இது சருகுபோல நொறுங்கியது.

ஹோட்டல் முதலாளி ராமபத்ரன் மேஜை மேஜையாக விசாரித்துக்கொண்டு வந்தார். வேலைக்கு வந்த தமிழ்நாட்டு ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ். "சாப்பாடு எப்படி?"

"இந்தக் கிராம்பு எங்கே வாங்குறீங்க?"

ராமபத்ரனின் முகம் மலர்ந்தது. "சேச்சிக்கு சரக்கு பார்க்கத் தெரியும் போல! மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல ஷானவாஸிக்கா கடை. ஒண்ணாம் தரம். வேற ஆள்கிட்ட நான் வாங்கவே மாட்டேன். நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்" என்றாள் நசீபா.

அவர் அடுத்த மேஜைக்குப் போனார். ஷானவாஸின் போன் எட்டாத இடம் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். அவருடைய சரக்கு அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

கல்யாணமான புதிதில் ஷானவாஸ் ஒரு கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து விளையாட்டுக் காட்டினார். கிராம்பு என்பது மலராத மொட்டு. அதன் காம்பு முழுக்க எண்ணெய். கனமான காம்பு கீழே, தலை மேலே என்று நல்ல கிராம்பு தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும், இல்லாவிட்டால் அடியில் போய்விடும். ஆனால் சிலர் கிராம்பில் ஆவியை ஏற்றி எண்ணெயை எடுத்துவிட்டு, சக்கையைக் காயவைத்து நல்லதோடு கலந்து விற்பார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. தண்ணீரில் போட்டால் படுத்து மிதக்கும். "திருட்டுச் சரக்கு நிமிர்ந்து நிக்காது, நசீபா" என்று அன்றைக்கு அவர் சொன்னார்.

நசீபா இன்னொரு கிராம்பை எடுத்துத் தன் தண்ணீர் கிளாஸில் போட்டாள்.

படுத்து மிதந்தது.

விரலால் அமுக்கிவிட்டாள். மறுபடி வந்து படுத்துக்கொண்டது.

தினம் பதிவா போடுறதைப் போடாதே, வேற எடுத்து ஆக்கு. காலையில் ஆஷிஃபா சொன்னபோது அது எவ்வளவு பாசமாகக் கேட்டது! இப்போது அதே சொற்கள் வேறு மாதிரி கேட்டன. பதிவாகப் போடுவது யாருடைய சரக்கு? அதைத் தன் வீட்டு ஆளுக்கு மட்டும் ஏன் போடக் கூடாது?

நிமிர்ந்தபோது எதிரில் சங்கரி அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமபத்ரன் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"கை கழுவிட்டு வாரேன்க்கா" என்று எழுந்து போனாள்.

*

"இனி வழக்கு" என்றார் கமலாக்ஷி, ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி உட்கார்ந்து.

நசீபா கை கழுவித் திரும்பியிருந்தாள். குழாயடியில் நின்ற கொஞ்ச நேரத்தில் அவளால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. காலையில் சொல்லியிருந்தால் அது சிரிப்பாக முடிந்திருக்கும். இப்போது சொன்னால், ஷானவாஸ் ஏன் போன் பண்ணினார் என்ற கேள்வி வரும். கமலாக்ஷி அதைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. சொல்லாவிட்டால், கடையின் பெயர் தப்பிக்கும். சங்கரி போய்விடுவாள்.

கிளாஸில் கிராம்பு மிதந்துகொண்டிருந்தது.

"நானே சொல்லிர்றேன்" என்று சங்கரி ஆரம்பித்தாள். "சேச்சி, நான் யாருக்கும் போன் பண்ணல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அடுத்த மாசத்திலிருந்து வேற ஆளைச் சேர்த்துக்குங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை யாவாரமும் இருக்கு."

"சங்கரி, உட்காரு" என்றாள் நசீபா.

"இல்லக்கா..."

"போன் பண்ணினது என் வீட்டுக்காரர்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் போன் எங்கே இருக்குன்னு அவர் போன்ல தெரியும். எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. தேவராவுக்கு அவர்தான் பண்ணினார். அதுக்கு முன்னாடி போன எல்லா இடத்துக்கும் பண்ணியிருக்கார். சங்கரிமேல ஒரு தப்பும் இல்லை."

தன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ இவ்வளவு நாளும் நாம நடத்தின தீர்ப்பு எல்லாம்?"

"எல்லாம் வேஸ்ட்."

"அய்யோ, நான் எல்லாத்தையும் பார்லர்ல சொல்லி ஆளுங்களை அனுப்பினேனே!"

கமலாக்ஷி சங்கரியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. பதிலுக்குக் கேள்வி வந்தது.

"அது செரி. ஷானவாஸ் எந்தினா போன் பண்ணணும்? நல்ல ஹோட்டல்னா ஆருக்கும் நல்லதுதானே கொடுப்பான்?"

"நல்லதா தரச் சொல்லித்தான்."

"அப்போ மத்தவங்களுக்குப் போடுறது நல்லதில்லைன்னு ஷானவாஸுக்கு எப்படித் தெரியும்?"

நசீபா பில்லைத் தன் பக்கம் இழுத்தாள். கமலாக்ஷியின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி மேஜைக்கு வந்தது. தட்டு, பில், கிளாஸ்.

"அதென்ன, வெள்ளத்துல கராம்பூ?"

சங்கரி எட்டி அந்தக் கிளாஸை எடுத்தாள். இரண்டு விரலால் கிராம்பைப் பிடித்து வாயில் போட்டுக் கடைவாயில் அதக்கிக்கொண்டாள்.

"எனக்குத்தான் சேச்சி. பல்லு வலி. காலையிலேர்ந்து உசுர எடுக்குது. அதான் போனைக்கூட எடுக்கல."

கமலாக்ஷி அவளையே பார்த்தார். "பல்லு வலியோட இவ்வளவு தூரம் வந்தியா?"

"நசீபாக்கா முறையாச்சே."

பிறகு கமலாக்ஷி எழுந்து, "அடுத்தது என் முறை" என்றார். "சங்கரி வரல்லைன்னா நானும் போகல்ல. அவ்வளவுதான் எனக்குப் பறயாணுள்ளது." சொல்லிவிட்டுப் படியில் இறங்கத் தொடங்கினார். இரண்டாவது படியில் நின்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். சங்கரி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்புகிற ரயிலில் சங்கரி, நசீபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பல்லு வலி போச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள் நசீபா.

"அதுல ஒண்ணுமே இல்லக்கா. வெறும் குச்சி." சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "அண்ணனுக்குத் தெரியாம வேற எவனாச்சும் ஏமாத்தி அவர்கிட்டத் தள்ளியிருப்பான். போய்ப் பக்குவமா கேளு."

நசீபா கைக்குட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தட்டிலிருந்த கிராம்பில் கொஞ்சத்தை அதில் முடிந்திருந்தாள்.

*

வெயில் தாழ்ந்து, வீட்டுக்குள் விளக்குப் போடுகிற நேரத்தில் அவள் வந்து சேர்ந்தாள். ஷானவாஸ் வாசலிலேயே நின்றார். பட்டன் இல்லாத சட்டையையே மாட்டியிருந்தார். யாரையோ தேடிப் போக அவசரமாக மாட்டியதுபோல இருந்தது.

"எங்கே போயிட்டே? போன் இடப்பள்ளியில, ஆளைக் காணோம். ஆஷிஃபா இல்லைங்கிறா. நான் என்னன்னு நினைக்கிறது?" குரல் உடைந்திருந்தது. "ஏதாச்சும் ஆயிருச்சோன்னு..."

"சாப்பிட்டீங்களா?"

"எப்படிச் சாப்பிடுறது?"

அந்தக் கண்களைப் பார்த்ததும், கைக்குட்டையை அவிழ்க்காமல் விட்டுவிடலாமா என்று நசீபாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சட்டையை வாங்கி, பட்டனைத் தைத்து, சோறு போட்டு, இன்றைய நாளை முடித்துவிடலாம். அப்புறம், கடைவாயில் வெறும் குச்சியை அதக்கிக்கொண்டு பல்லு வலி என்று சொன்ன சங்கரி நினைவுக்கு வந்தாள்.

உள்ளே போய் ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்துக் கிராம்பை அதில் கொட்டினாள். இரண்டு நிமிர்ந்து நின்றன. மற்றதெல்லாம் படுத்து மிதந்தது.

ரயிலிலும் படகிலும் அவள் ஒரே ஒரு சொல்லுக்காக வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். ‘இது என்ன?’ என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால், அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். யாரோ அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நாளைக்கே கடைக்குப் போய் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஷானவாஸ் குனிந்து கிளாஸைப் பார்த்தார். முகத்திலிருந்த பதற்றம் போய், அங்கே வேறொன்று வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எந்த ஹோட்டல்?" என்றார்.